மலைக்குச் செல்லும் குழுவில் களைத்தவரைத் தனியே விடலாகாது

மாசி பிறந்துவிட்டால் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு வினா அடிக்கடி எழுகிறது. இரத்த அழுத்தத்திற்கோ சர்க்கரை நோய்க்கோ மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு எழுந்தவர், வாயிலருகே தயங்கி நின்று, "எங்கள் தெருவிலிருந்து ஒரு வேன் நிறைய வெள்ளியங்கிரிக்குப் போகிறார்கள். நானும் போகலாமா, டாக்டர்?" என்று கேட்கிறார். ஆடி அமாவாசை நெருங்கினால் அதே வினா சதுரகிரியைக் குறித்து எழும்; பௌர்ணமி நெருங்கினால் பருவதமலையைக் குறித்து எழும். வார இறுதியில் அலுவலக நண்பர்களோடு காட்டுப்பாதையில் நடக்கச் செல்லும் இளைஞர்களும் தங்கள் பெற்றோரை உடன் அழைத்துச் செல்லலாமா என்று எங்களிடம் கேட்பதுண்டு.

கேட்பவர்களுள் பெரும்பாலோர் ஒன்றைச் சேர்த்துச் சொல்வர்: "தனியாகப் போகவில்லை, கூட்டமாகத்தான் போகிறோம்." கூட்டம் துணைதான், ஐயமில்லை. ஆயினும் கூட்டம் தானாகவே பாதுகாப்பு ஆகிவிடுவதில்லை. பதினைந்து பேர் ஒன்றாகப் புறப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் நான்கு சிறு கூட்டங்களாகப் பிரிந்து, இறுதியில் ஒருவர் மட்டும் பாறையொன்றில் அமர்ந்திருக்க நேர்ந்தால், அவரைப் பொறுத்தவரை அவர் தனியாக மலைக்கு வந்தவரே ஆவார்.

"நீங்கள் இங்கேயே உட்கார்ந்திருங்கள், போய்விட்டு வரும்போது அழைத்துக்கொள்கிறோம்." அன்போடு சொல்லப்படும் இச்சொல்லே ஒரு நாள் மலைப்பயணத்தில் மிகவும் அஞ்சத்தக்கது என்று நாங்கள் கருதுகிறோம். அதன் காரணத்தை விளக்குவதும், குழுவாகச் செல்வோர் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லாம் களைப்பாகவே தொடங்கும்

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் பலருக்கு, சிறப்பாகச் சர்க்கரை நோயாளர்களுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும், அது இனந்தெரியாத சோர்வாகவோ, மூச்சு வாங்குதலாகவோ, குமட்டலாகவோ, மேல்வயிற்று வலியாகவோ தொடங்கலாம். இரத்தத்தில் சர்க்கரை தாழ்வதும் களைப்பும் நடுக்கமும் வியர்வையுமாகவே வெளிப்படும். வெயிலால் உடல் நீரிழந்து சோர்வதும் தலைவலியும் கால் பிடிப்பும் தள்ளாட்டமுமாகவே தொடங்கும். மலையேறுபவர் அனைவருக்கும் மூச்சு வாங்கும், அனைவரும் வியர்ப்பர், அனைவரும் களைப்பர். ஆகவே இவை மூன்றும் முதல் அரைமணி நேரத்தில் வெறும் களைப்பிலிருந்து வேறுபட்டுத் தோன்றாமற்போகலாம்.

வேறுபாடு பின்னரே தெரியவரும். வெறும் களைப்பானால் நிழலில் அமர்ந்து நீர் அருந்திச் சிறிது உண்டபின், ஏறத்தாழ பத்துப் பதினைந்து நிமிடங்களில் முகம் தெளியும், பேச்சு இயல்பாகும். நோயானால் அமர்ந்தபின்னும் தெளிவு வாராது. அல்லது நிலை மோசமாகும். இந்த வேறுபாட்டை அருகில் அமர்ந்திருப்பவர் ஒருவரே காணவியலும். சர்க்கரை தாழ்ந்தவருக்கு அறிவு மங்கும். வெப்பத்தாக்கம் கண்டவருக்கும் மனம் குழம்பும். தமக்கு என்ன நேர்கிறது என்பதை உணரும் ஆற்றலையே இந்நோய்கள் முதலில் பறித்துவிடுகின்றன. அத்தகைய நேரத்தில் அவரைத் தனியே அமர்த்திவிட்டுச் செல்வது, நோயைக் கண்டுகொள்ள வேண்டிய கண்களையே அகற்றிவிடுவதாகும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் முதலில் கேட்பவை எளிய வினாக்கள்: எப்போது தொடங்கியது? கடைசியாக என்ன உண்டார்? என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார்? உடன் இருந்தவரால் இவற்றுக்கு விடை கூற இயலும். திரும்பி வரும்போது மயங்கிக் கிடந்தவரைக் கண்டெடுத்தவரால் இயலாது.

புறப்படுமுன் பேச வேண்டியவை

இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் நோயுள்ளவர்களும், வலிப்பு நோயாளர்களும், கருவுற்றிருப்போரும், அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றோரும் தம் மருத்துவரைக் கேளாமல் மலையேறுதல் கூடாது. கோவை மாவட்டத்து வெள்ளியங்கிரியில் 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் மலையேறியோருள் சிலர் மூச்சுத்திணறியும் மாரடைப்புற்றும் உயிரிழந்ததை நாளிதழ்களில் பலரும் படித்திருக்கக்கூடும். இதய நோயும் மூச்சுத் தொல்லையும் உடையோர் ஏறுவதைத் தவிர்க்குமாறு வனத்துறையும் அறிவுறுத்தி வருகிறது.

இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏறும்போதே நெஞ்சு இறுகினாலோ, பேச இயலாதவாறு மூச்சு வாங்கினாலோ, அவர் மலையேறத் தகுதியற்றவர் என்பது தெளிவு. ஆனால் படியேற முடிந்தது என்பதாலேயே மலையேறலாம் என்று கொள்ளலாகாது. மாடிப்படி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்; மலை நான்கைந்து மணி நேரம் நீளும். செல்ல விரும்புவோர் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே நாள்தோறும் நடந்து பழகுதல் நன்று.

மருந்துகளைப் பற்றியும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். இன்சுலின் செலுத்திக்கொள்வோருக்கும், கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உட்கொள்வோருக்கும் நெடுநேர நடையால் சர்க்கரை தாழக்கூடும். நடந்து முடித்த அன்றிரவும் தாழக்கூடும். விரதமிருந்து மலையேறுவோருக்கு இவ்விடர் மேலும் மிகுதி. இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் மருந்துகளுள் சிறுநீரை மிகுவிப்பவையும் உண்டு. வெயிலில் அவை நீரிழப்பைக் கூட்டும். அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மலைக்குச் செல்லும் நாளில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது பெரும் பிழை.

இவை அனைத்தினும் கடினமான பேச்சு ஒன்றுண்டு. அது மருத்துவரோடு பேசுவதன்று, குழுவினரோடு பேசுவது. தமக்குச் சர்க்கரை உண்டென்பதையோ, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருப்பதையோ, சிறுவயது முதல் வலிப்பு உண்டென்பதையோ உடன் வருவோரிடம் சொல்லப் பலரும் கூசுகின்றனர். சொன்னால் வரவேண்டாம் என்பார்களோ என்ற அச்சமும் அதற்குக் காரணம். ஆகவே குழுவை நடத்துபவர் அனைவர் முன்னிலையிலும் "யாருக்கு என்ன நோய்?" என்று கேட்டால் விடை கிடைக்காது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு, நோய், மருந்து, ஒவ்வாமை, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் சிறு தாளில் எழுதச் செய்து, அதை அவரவர் சட்டைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்வதே பொருத்தமான முறை. உடன் நடக்கும் ஒருவரேனும் அதை அறிந்திருத்தல் வேண்டும். வீட்டிலுள்ளோர்க்கும் ஒரு வேண்டுகோள்: அத்தாளை எழுதித் தரும் பொறுப்பைத் தாங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

குழுவுக்கு வேண்டிய ஒழுங்கு

முதலில் செல்பவர் யார், கடைசியில் வருபவர் யார் என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்தல் வேண்டும். கடைசியில் வருபவர் உடல்வலிமையும் முதலுதவிப் பயிற்சியும் உடையவராக இருத்தல் நன்று. ஏனெனில் துன்பங்கள் பெரும்பாலும் பின்வரிசையில்தான் நேரும். அவரைத் தாண்டி எவரும் பின்தங்கலாகாது. முதலில் செல்பவரோ பின்வரிசையின் வேகத்திற்கேற்பத் தம் நடையை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இருவர் இருவராக இணைத்துவிடுதல் எளிய, ஆனால் பெரும்பயன் தரும் ஏற்பாடு. ஒருவர் இயற்கைக் கடனுக்காகப் பாதையை விட்டு விலகினாலும் இணையானவர் காத்து நிற்பார். பாதை பிரியும் இடங்களிலும் ஓடைகளின் கரையிலும் குழு முழுவதும் ஒன்றுகூடித் தலையெண்ணிய பின்னரே மேற்செல்லல் வேண்டும். முன்வரிசையினர் ஓய்வெடுத்துக் காத்திருந்து, பின்வரிசையினர் வந்து சேர்ந்த அக்கணமே எழுந்து நடக்கத் தொடங்குவது நம்மிடையே உள்ள வழக்கம். இதனால் வலியவர்க்கு ஓய்வு கிடைக்கிறது, எளியவர்க்குக் கிடைப்பதில்லை. கடைசியாக வந்தவர் அமர்ந்து நீரருந்தி மூச்சு சீரான பின்னரே குழு எழ வேண்டும்.

திரும்பும் நேரத்தையும் அடிவாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு ஏறத் தொடங்கும் குழு, மாலை 4 மணிக்குள் அடிவாரம் சேர விரும்பினால், நண்பகலில் எங்கிருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளலாம். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எடுக்கும் முடிவைவிட, அடிவாரத்தில் அமைதியாக எடுத்த முடிவே நம்பத்தக்கது. இறங்குவது எளிது என்ற எண்ணமும் தவறு. தொடைத்தசை தளர்ந்து, முழங்கால் நடுங்கி, கவனம் குன்றிய நிலையில் இறங்கும்போதே சறுக்கல்களும் கணுக்கால் பிசகுதலும் எலும்பு முறிவும் மிகுதியாக நேர்கின்றன. பருவதமலையில் இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பற்றி ஏறும் பகுதியைக் கண்டவர்கள், தளர்ந்த கைகளோடு அதில் இறங்குவது எத்தகையது என்பதை அறிவர்.

செல்லும் பாதை, குழுவினர் எண்ணிக்கை, திரும்பும் நேரம் ஆகியவற்றை ஊரிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள். மலையில் பல இடங்களில் கைபேசி அலைவரிசை கிடைக்காது.

நீரும் வெயிலும்

வெயில் காலத்தில் ஏறுவோருக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீர் தேவைப்படலாம். ஒரேயடியாகக் குடிப்பதைவிட இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை சில மிடறுகள் அருந்துவது சிறந்தது. மிகுதியாக வியர்ப்போர் வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் ஏற்படலாம். ஆகவே உப்பிட்ட உணவோ, ஒரு லிட்டர் நீரில் ஒரு பொட்டலம் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலோ இடையிடையே வேண்டும். நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டுள்ள இதய, சிறுநீரக நோயாளர்களுக்கு இவ்வளவுகள் பொருந்தா. அவர்கள் இத்தகைய பயணத்தையே தவிர்ப்பது நன்று.

வெயிலில் ஒருவர் தொடர்பின்றிப் பேசினாலோ, திசை தெரியாமல் தள்ளாடினாலோ, உடல் அனலாய்ச் சுட்டாலோ அது வெப்பத்தாக்கம் என்று கொள்ளுங்கள். வியர்வை இருப்பதாலேயே அது வெப்பத்தாக்கம் அன்று என முடிவு செய்துவிடலாகாது. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடைகளைத் தளர்த்தி, கையிலுள்ள நீரையெல்லாம் உடல்மேல் ஊற்றி விசிறுங்கள். குடிப்பதற்கு வைத்திருந்த நீராயிற்றே என்று தயங்க வேண்டா. நினைவு மங்கியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

ஒருவரால் நடக்க இயலாவிட்டால்

முதலில் குழு முழுவதும் நிற்க வேண்டும். அவரை அமரவைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் காத்திருங்கள். சர்க்கரை நோயாளரானால், விழுங்கும் நிலையில் இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோசோ நீரில் கலந்து கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுங்கள். தெளிந்தபின் பிஸ்கட்டோ வாழைப்பழமோ உண்ணச் செய்யுங்கள். ஆஸ்துமா நோயாளரானால் அவருடைய இன்ஹேலர் அவர் பையிலேயே இருத்தல் வேண்டும். முன்னே சென்றுவிட்ட நண்பரின் மூட்டையில் இருந்து பயனில்லை.

நெஞ்சு இறுக்கமோ, இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றில் பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ இருந்தால் அவர் இனி ஓரடியும் நடக்கலாகாது. "மெல்ல நடந்து இறங்கிவிடலாம்" என்று அவரே சொன்னாலும் ஏற்காதீர். பாதி அமர்ந்த நிலையில் சாய்த்து வைத்து, 108-ஐ அழையுங்கள். அருகிலுள்ள வனத்துறையினருக்கும் டோலி சுமப்போருக்கும் ஆளனுப்புங்கள்.

அலைவரிசை கிடைக்காவிடில் இருவராக இறங்கிச் செல்லுங்கள், ஒருவராக அன்று. நோயாளி இருக்கும் இடம், நேரம், அறிகுறிகள், அவருடைய மருந்துகள் ஆகியவற்றை எழுதிய தாள் அவர்கள் கையில் இருக்கட்டும். குறைந்தது இருவர் நோயாளியோடு தங்க வேண்டும். நான்கு மணி நேரம் ஏறிச்சென்ற இடத்திலிருந்து நடக்க இயலாத ஒருவரைச் சுமந்து இறங்குவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகக்கூடும் என்பதை மனத்திற் கொண்டு, போர்வையையும் நீரையும் விளக்கையும் அவர்களிடம் விட்டுச் செல்லுங்கள்.

நினைவிழந்து இயல்பாக மூச்சு விடாதவருக்கு நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்திற்குக் குறையாமல் அழுத்துங்கள். இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். தனியொருவரால் நெடுநேரம் செய்யவியலாத இப்பணியைக் குழுவால் தொடர்ந்து செய்யவியலும்.

நடக்க இயலாமற்போனவர் நன்றாகவே தெளிந்துவிட்டாலும் அன்று மேலே செல்லல் வேண்டா. அவரை இறக்கிவிட ஒருவரேனும் உடன் செல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை அவ்விடத்தில் விவாதிக்க நேர்ந்தால் எல்லோரும் தலைகுனிந்து நிற்பர். அடிவாரத்திலேயே முடிவு செய்திருந்தால் அந்தச் சங்கடம் இராது.

நீர், நெருப்பு, நச்சுயிர்

சதுரகிரிப் பாதையில் ஓடைகளைக் கடந்தே செல்ல வேண்டும். 2015-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே திடீரெனப் பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் பலர் உயிரிழந்தனர். நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிந்திருந்தாலும் மேல்மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் ஓடையை நிரப்பிவிடும். நீர் கலங்கினாலோ, சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ ஓடையில் இறங்காதீர். வெள்ளம் வடியும்வரை உயரமான கரையில் காத்திருத்தலே வழி. குழு பாதியாகப் பிரிந்து இரு கரைகளிலும் நின்றுவிட்டால், மறுகரையை அடையும் ஆவலில் எவரும் இறங்கிவிடாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலைநடை சென்ற குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவியலாது. காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைவாகப் பரவும். மனிதர் மேல்நோக்கி ஓடி அதனை வெல்லவியலாது. கோடையில் வனத்துறை பாதைகளை மூடுவதன் காரணம் இதுவே. அனுமதியில்லாப் பாதையில் செல்லும் குழுவைத் தேடுவதற்கு உடனே எவரும் வராமற்போகலாம்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடா. மோதிரம், கொலுசு, கயிறு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாதவாறு தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அவரை நடக்கவிடாமல் சுமந்து இறங்குங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டா. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் ஒரே நச்சுமுறி மருந்தே தரப்படுகிறது. தேனீக்கள் துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு அவ்விடத்தை விட்டு விரைந்து விலகுங்கள். கொட்டுப்பட்டவருக்கு உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை.

குழுவின் பொதுப்பையில் இருக்க வேண்டியவை

1. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், குளுக்கோஸ், உப்பிட்ட தின்பண்டம்.
2. சுருள் கட்டுத்துணி, தூய பஞ்சு, காயத்திற்கான மருந்து, கத்தரிக்கோல்.
3. டார்ச் விளக்கு இரண்டு, மாற்று மின்கலங்கள், ஊதல்.
4. போர்வை ஒன்று, கனமான தடிகள் இரண்டு. தேவையானால் டோலி கட்டவும் இவை உதவும்.
5. தாளும் எழுதுகோலும்.

அவரவர் மருந்துகள் அவரவரிடமே இருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குன்றிய சர்க்கரை நோயாளர்கள் வெறுங்காலுடன் ஏறலாகாது. சுடுபாறையில் பட்ட கொப்புளம் அவர்களுக்கு வலிக்காது, ஆனால் ஆறாத புண்ணாகலாம். வேண்டுதல் இருப்பின் சந்நிதியருகே மட்டும் காலணியைக் கழற்றி அதை நிறைவேற்றிக்கொள்ளலாம்.

நிறைவாக

வாயிலருகே தயங்கி நின்று கேட்பவரிடம் நாங்கள் இப்போதெல்லாம் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை. அவருடைய உடலைச் சோதித்து, ஏறத் தகுதியில்லையெனில் அதை வெளிப்படையாகக் கூறிவிடுகிறோம். தகுதி உண்டெனில் மேலும் ஒரு வினாவைத் திருப்பிக் கேட்கிறோம்: "பாதி வழியில் உங்களால் முடியாமற்போனால் உங்களோடு இறங்கி வரப்போகிறவர் யார்?" பெயரைச் சொல்ல முடிந்தவர் சென்று வரலாம். சொல்ல முடியாதவர், குழுவினரிடம் பேசி அப்பெயரை அறிந்துகொண்டு, அதன்பின் புறப்படலாம். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.